எந்த வினிகர்னு கேட்டாரு

கோவாவுல நான் வேலை பாக்குற ரெஸ்டாரண்டுக்கு சாப்பிட வந்த அந்தப் பெரியவர் கேட்டது ஒரே கேள்விதான். "சோர்பொட்டேல்ல என்ன வினிகர் போடுறீங்க?" சோர்பொட்டேல்ங்கிறது வினிகர் ஊத்தி செய்யற கோவா பன்னிக்கறி. நான் சொன்னதும் ஒரே பதில்தான். "நம்ம கோவா வினிகர்தான் அங்கிள்." பேசுனது இங்கிலீஷ்ல. ஆனா ராத்திரி தூக்கம் வராம புரண்டுட்டு இருக்கறப்ப ரெண்டு பேரும் தமிழ்லயே பேசிக்கிற மாதிரிதான் எனக்குள்ள ஓடும். நாலு வருஷம் ஆச்சு, இன்னும் ஓடிட்டுதான் இருக்கு.

அது பொய்யான்னு கேட்டா, வார்த்தைக்கு வார்த்தை பிடிச்சா பொய்யில்ல. அந்த பாட்டில்களை கோவாவுல இருக்கற கடையிலதான் வாங்குனோம், மேனேஜரே பஞ்சிம் மார்க்கெட்டுக்கு வண்டில போயி ஒரு அட்டைப்பெட்டியோட தூக்கிட்டு வந்தாரு, பன்னெண்டு பாட்டில், தண்ணி மாதிரி தெளிவா இருந்துச்சு, ஃபேக்டரி சரக்கு. ஆனா அவர் என்ன கேக்குறாருன்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் மாட்டிக்காத மாதிரி ஒரு வார்த்தையைத் தேடி எடுத்தேன். வாய் தவறி வந்திருந்தா அடுத்த வாரமே மறந்திருப்பேன். இது தவறி வந்த வார்த்தை கிடையாது, ஒரு செகண்ட் நின்னு யோசிச்சு எடுத்தது.

அவர் கேட்டது கள்ளு வினிகரான்னு. மெனு அட்டையிலயே "தென்னங்கள்ளு வினிகரில் பாரம்பரிய முறையில்"னு அழகா அச்சடிச்சிருந்தோம். பெரியவர் அந்த வரி மேல விரலை வச்சுக்கிட்டே என் மூஞ்சியைப் பாத்து கேட்டாரு. அட்டையில இருக்கறது போதும்னா கேட்டிருக்கவே மாட்டாருல்ல. அட்டையை நம்பாம என்னை நம்பிக் கேட்டாரு.

சோர்பொட்டேல் செஞ்ச அன்னைக்கே சாப்பிடுற ஐட்டம் கிடையாது. பன்னிக்கறி, ஈரல், இதயம் எல்லாத்தையும் வேகவச்சு, பொடிசா வெட்டி, அதோட கொழுப்புலயே வறுத்து, மிளகாய் சீரகம் மிளகு பட்டை கிராம்பெல்லாம் வினிகர் விட்டே அரைச்ச மசாலாவுல கொதிக்க விட்டு மூடி வச்சிடணும். தினமும் ஒரு தடவை சூடு பண்ணணும். மூணாம் நாள்தான் அது சோர்பொட்டேலா ஆகும். அந்த மூணு நாளும் சட்டிக்குள்ள வேலை பாக்குறது வினிகர்தான். தென்னங்கள்ளு தானா புளிச்சு வந்த வினிகர் கலங்கலா இருக்கும், புளிப்புக்கு அடியில ஒரு இனிப்பு, லேசா கள்ளு வாசம். ஃபேக்டரி வினிகர்ங்கிறது அசிட்டிக் ஆசிட்ல தண்ணி கலந்தது, மூக்குல ஏறும், நாக்கைக் கடிக்கும், அதுக்கப்புறம் ஒண்ணும் தங்காது. நான் தூத்துக்குடிக்காரன். எங்க அம்மாச்சி பனங்கள்ளு புளிச்சுப் போனா காடின்னு சொல்லுவாங்க, அந்த வாசம் சின்ன வயசுலயே எனக்குப் பழக்கம். அதனால எனக்கு வித்தியாசம் தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்கவும் வழியில்ல.

அன்னைக்கு ஏன் கள்ளு வினிகர் இல்லன்னா, எங்களுக்குக் குடுத்துட்டிருந்தது சால்செட் பக்கம் ஒரு குடும்பம். கள்ளு இறக்குறவங்களை அங்க ரேந்தேர்னு சொல்லுவாங்க. அந்த வீட்டுப் பெரியவருக்கு முட்டி போயிடுச்சு, மரம் ஏற முடியல, பையன் கப்பல் வேலைக்குப் போயிட்டான். ஊர் ஊருக்கு இதே கதைதான், மரம் இருக்கு, ஏற ஆள் இல்ல. வேற இடத்துல விசாரிச்சோம். ஆனா அது டிசம்பர் மாசம், 3ஆம் தேதி பழைய கோவாவுல சவேரியார் திருவிழா, அடுத்து கிறிஸ்மஸ், ஒவ்வொரு வீட்லயும் சோர்பொட்டேல் கொதிக்கும், யார்கிட்ட மிச்சம் இருக்கும்? கிச்சன்ல ஆன்ட்டி, இருபது வருஷமா அந்த அடுப்புல நிக்கிறவங்க, ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. "இந்த வாரம் சோர்பொட்டேல் வேணாம். கஃப்ரியால் போடு, ஷாகுத்தி போடு, பக்காலாவ் இருக்கு, போதும்." மேனேஜர் ஒத்துக்கல. போர்ச்சுகல்ல இருந்தும் மும்பைல இருந்தும் ஆளுங்க இதுக்குன்னே டேபிள் புக் பண்ணியிருக்காங்கன்னாரு. ஆன்ட்டி அதுக்கப்புறம் பேசல. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு செஞ்சாங்க, கடைசியில கொஞ்சம் வெல்லம் போட்டு சரிக்கட்டப் பாத்தாங்க. அதை நான் பாத்தேன்.

திருவிழா அன்னைக்கு ராத்திரிதான் பெரியவர் வந்தாரு. மகளோட. ஆறாம் நம்பர் டேபிள், ஜன்னல் ஓரம். லிஸ்பன்ல மக வீட்டோட இருக்காராம், பதினோரு வருஷம் கழிச்சு ஊருக்கு வந்திருக்காரு. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, "அப்பா பிளைட்ல இருந்தே இதப் பத்திதான் பேசுறாரு. அங்க நான் செஞ்சு குடுப்பேன், ஆனா அங்க கிடைக்கறது வைன் வினிகர், அதுல செஞ்சா வேற ஏதோ ஆயிடுதுன்னு சொல்லிடுவாரு." இதைக் கேட்டதுக்கு அப்புறமும் நான் அந்த பதிலைச் சொல்லியிருக்கேன். இதை எழுதும்போதே எனக்கு கை ஒரு மாதிரி ஆகுது.

இட்லி மாதிரி இருக்கற கோவா சன்னா நாலு, ஒரு கிண்ணம் சோர்பொட்டேல். பெரியவர் சன்னாவைப் பிச்சு, தொட்டு, கண்ணை மூடி வாயில வச்சாரு. இன்னொரு வாய். மூணாவது வாயில நிறுத்திட்டாரு. அப்புறம் மக பக்கம் சாஞ்சு மெதுவா கொங்கணில சொன்னாரு. எனக்குப் புரியாதுன்னு நினைச்சிருப்பாரு, ஆறு வருஷம் கோவாவுல வேலை பாத்தவனுக்குப் புரியாம இருக்குமா. "எனக்கு நாக்கு போயிடுச்சும்மா. ருசி பிடிபடல."

அந்தப் பொண்ணு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, வயசாச்சுல்ல, இத்தனை மாத்திரை வேற சாப்பிடுறீங்கன்னாங்க. நான் தண்ணி ஜக்கைக் கையில வச்சுக்கிட்டு பக்கத்துலயே நிக்கிறேன். அவர் தலையை ஆட்டுனாரு. ஒத்துக்கிட்டாரு. அவ்வளவுதான்.

வினிகர் மேல அவருக்கு சந்தேகமே வரல பாருங்க. ஏன்னா நான் சொல்லிட்டேன்ல. அவர் நாக்கு சரியாத்தான் சொல்லுது, இது அது இல்லன்னு. ஆனா என் பேச்சை நம்பி அவர் தன் நாக்கை சந்தேகப்பட்டுட்டாரு.

அப்பவாவது சொல்லியிருக்கலாம். "அங்கிள், மன்னிச்சுக்கோங்க, இன்னைக்கு கள்ளு வினிகர் கிடைக்கல, உங்க நாக்கு நல்லாத்தான் இருக்கு." ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. சொல்லல. நாலாம் நம்பர் டேபிள்ல பில் கேட்டாங்க, நான் போயிட்டேன். திரும்பி வந்தப்ப அவர் ப்ளேட்டை கொஞ்சம் தள்ளி வச்சிட்டு என்னைப் பாத்து, ரொம்ப நல்லா இருந்துச்சு, குக்குகிட்ட சொல்லுங்கன்னாரு. மக டிப்ஸ் ஐநூறு ரூபா வச்சாங்க.

எனக்கு நானே நிறைய சமாதானம் சொல்லிப் பாத்திருக்கேன். நான் கேப்டன், டேபிள்ல ஆர்டர் எடுக்கற சம்பளக்காரன், வினிகர் வாங்குனது நான் இல்ல. ஃபுல் ஹவுஸ் ஓடறப்ப ஒரு டேபிள்ல உண்மை சொன்னா பக்கத்து டேபிளும் கேக்கும், ராத்திரி மேனேஜர்கிட்ட பதில் சொல்ல வேண்டியது நான். அதுவும் போக, சன்னாவுலயும்தான் கள்ளு ஊத்தி புளிக்க வைக்கணும், நாங்க ஈஸ்ட் போட ஆரம்பிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு, அதை யாரும் ஒரு நாளும் கேட்டதில்ல.

இன்னொரு சமாதானம் இருக்கு, அதைத்தான் நான் ரொம்ப நாள் பிடிச்சுத் தொங்கிட்டிருந்தேன். இந்த சமையலே ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு போட்டு வந்ததுதானே. போர்ச்சுகீசியர் 1510ல கோவாவைப் பிடிச்சாங்க, 1961 வரைக்கும் இருந்தாங்க. அவங்க கொண்டு வந்த விண்டாலோ அங்க வைனும் பூண்டும் போட்டு ஊற வச்ச இறைச்சி, பேரே அதுல இருந்து வந்ததுதான். இங்க வைனுக்கு எங்க போறது, கள்ளு வினிகரை ஊத்துனாங்க. மிளகாய் போட்டாங்க, அதுவும் அமெரிக்காவுல இருந்து அவங்க கப்பல்ல வந்ததுதான். சோர்பொட்டேலும் அங்கிருந்து வந்ததுதான், அங்க அது சரபதேல். அப்ப வைனுக்குப் பதிலா கள்ளு வினிகரை ஊத்துன முதல் ஆள் தப்பு பண்ணலன்னா, கள்ளு வினிகருக்குப் பதிலா ஃபேக்டரி வினிகரை ஊத்துன நாங்க மட்டும் எப்படித் தப்பு? சொல்லப்போனா லிஸ்பன்ல அந்தப் பொண்ணு வைன் வினிகர்ல செய்யறதுதான் இன்னும் பழசுக்குப் பக்கத்துல இருக்கு.

இது ரொம்ப சரியா இருக்கற மாதிரி ஒரு வருஷம் இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் காய்கறி லிஸ்ட் எழுதிட்டு இருக்கறப்ப மிளகாய்னு எழுதுனேன், கை நின்னுடுச்சு. புதுசா ஒரு காரம் வந்தப்ப நம்மாளுங்க அதை மிளகுன்னு சொல்லி விக்கல. மிளகு மாதிரி ஒரு காய்னு மிளகாய்னு வச்சாங்க. பறங்கிக்காய்க்கு பேர்லயே அது வெளிய இருந்து வந்ததுன்னு இருக்கு. கள்ளு வினிகர் ஊத்துன அந்த முதல் ஆளும் இது வைன்தான்னு யாருக்கும் சொல்லியிருக்க மாட்டான், சாப்பிட்டவங்களுக்குத் தெரியும் இது வேறன்னு, அப்படித்தான் அது கோவா சாப்பாடா ஆச்சு. மாத்தலாம். எல்லாரும் மாத்திட்டுதான் இருக்காங்க. கேட்டா சொல்லணும், அவ்வளவுதான். எழுதிப் பாத்தா சின்ன விஷயமாத்தான் தெரியுது, ஆனா அந்த ஒண்ணைத்தான் நான் பண்ணல.

அன்னைக்கு கிச்சன் கழுவி விடறப்ப ஆன்ட்டி கேட்டாங்க, "ஆறாம் டேபிள் பெரியவர் சாப்பிட்டாரா?" அவங்களுக்கு எப்படித் தெரியும்னு தெரியல, சாப்பாடு எடுத்துக் குடுக்கற ஜன்னல் வழியா பாத்திருப்பாங்க போல. நான் சொன்னேன், "நல்லா இருந்துச்சுன்னு சொல்லச் சொன்னாரு ஆன்ட்டி." அதுவும் வார்த்தைக்கு வார்த்தை உண்மைதான். கிண்ணம் பாதி அப்படியே திரும்பி வந்ததை அவங்களும்தான் பாத்திருக்காங்க. "ம்"னு மட்டும் சொல்லிட்டு சட்டியைத் தேய்க்க ஆரம்பிச்சாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு எங்கயோ சொல்லி வச்சு ஒரு கேன் கள்ளு வினிகர் வந்துச்சு. ஆன்ட்டி அன்னைக்கே சோர்பொட்டேல் வச்சாங்க. மூணாம் நாள் மதியம் நான் ஸ்டாஃப் சாப்பாடு சாப்பிடறப்ப ஒரு சின்னக் கிண்ணத்தை என் முன்னால வச்சிட்டு ஒண்ணும் பேசாமப் போயிட்டாங்க. சாப்பிட்டேன். புளிப்பு, காரம், அதுக்குப் பின்னாடி மெதுவா அந்த இனிப்பு, முழுங்குனதுக்கு அப்புறமும் நாக்குல நிக்குது. அந்தப் பெரியவர் நாக்குக்கு ஒண்ணுமே ஆகல. அவர் தேடுனது இதைத்தான், அது அன்னைக்குக் கிண்ணத்துல இல்ல.

அதுக்கப்புறம் யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிடறேன். "இன்னைக்கு பாட்டில் வினிகர்தான் சார், கள்ளு வினிகர் வந்ததும் வாங்க"ன்னு சொல்லி ரெண்டு ஆர்டரை இழந்திருக்கேன், மேனேஜர்கிட்ட திட்டும் வாங்கியிருக்கேன். அப்படின்னு பெருமையாச் சொல்லிக்கலாம்னு பாத்தா, போன மாசம் ஒரு குடும்பம் பெபிங்காங்கிற அடுக்கு கேக் சாப்பிட்டுட்டு ஒவ்வொரு அடுக்கா நீங்களே சுடுறீங்களான்னு ஆசையாக் கேட்டாங்க, ஆமான்னுட்டேன். அது பேக்கரில இருந்து வர்றது. அது வேற இது வேறன்னுதான் எனக்குத் தோணுது. எப்படி வேறன்னு கேட்டா பதில் இல்ல.

பழைய புக்கிங் ரெஜிஸ்டரைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைத் தேடி நம்பரை எடுத்து வச்சேன். 351ன்னு ஆரம்பிக்கற போர்ச்சுகல் நம்பர், பேர் போடாம "டேபிள் ஆறு"ன்னு சேவ் பண்ணியிருக்கேன். அவருக்கு இப்ப எண்பத்தஞ்சு தாண்டியிருக்கும். டிசம்பர் வந்தா கடை அடைச்சிட்டு பன்னெண்டு மணிக்கு வெளிய வந்து நின்னு அந்த நம்பரைப் பாப்பேன். லிஸ்பன்ல அப்ப சாயங்காலம் ஆறரை. இன்னும் சாப்பிட உக்காந்திருக்க மாட்டாங்க.