சரளையும் வேர்களும் கலந்த காட்டுச் சுற்று

நகரத்துக்குள் இருக்கும் காடுகளில், அகலமான சரளைப் பாதையும் மலை சைக்கிளுக்கென வெட்டப்பட்ட ஒற்றையடித் தடமும் மாறி மாறி வரும் சுற்றுகளையே நான் விரும்பித் தேர்ந்தெடுக்கிறேன். இரண்டுக்கும் முழுமையாகப் பொருந்தும் வண்டி எதுவும் இல்லை என்பதுதான் இவற்றின் சவால்.

45 மி.மீ. அகல டயர் பொருத்திய கிராவல் சைக்கிள், அதாவது சரளைப் பாதைக்கென வடிவமைத்த சைக்கிள், சரளையில் இலகுவாக ஓடும். ஆனால் வேர்கள் பின்னிக் கிடக்கும் இறக்கத்தில், சஸ்பென்ஷன் இல்லாத அதன் முன்பகுதி ஒவ்வோர் அதிர்வையும் நேராக மணிக்கட்டுக்கு அனுப்பிவிடும். டியூப்லெஸ் டயராக இருந்தால் காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைத்துப் பிடிமானத்தைக் கூட்டலாம். டியூப் உள்ள டயரில் அப்படிக் குறைத்தால், வேரில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கி அருகருகே இரண்டு துளைகள் விழும்.

ஈரமான வேர்தான் மெய்யான சோதனை. அதை அடைவதற்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, இயன்றவரை செங்குத்தாகக் குறுக்கே கடக்க வேண்டும். அதன் மேல் சக்கரம் இருக்கும்போது பிரேக்கையும் தொடக்கூடாது, ஹேண்டில்பாரையும் திருப்பக்கூடாது.

உதிரிச் சரளை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் மீதுள்ள எடை குறைந்து அது வெறுமனே சுழலும். சீட்டின் முனைக்கு நகர்ந்து, மார்பைத் தாழ்த்தி, இலகுவான கியரில் சீராக மிதிப்பதே பயன் தரும்.

நடைப்பயிற்சியாளர்களும் நாய்களும் உலவும் வளைவுகளில், என் கருத்தில், விலையுயர்ந்த பிரேக்கைவிட ஒரு சிறிய மணிக்கு மதிப்பு அதிகம்.