பி.எம்.எஸ்.எஸ்.: மார்க் இருந்தும் திரும்பி வரும் விண்ணப்பங்கள்

முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள் தொழிற்படிப்பு படிக்க கேந்திரிய சைனிக் போர்டு தரும் பிரதமர் கல்வி உதவித்தொகைக்கு (பி.எம்.எஸ்.எஸ்.) தேர்வானவர்களின் பட்டியல் வந்துவிட்டது. அதில் பெயர் இருப்பவர்கள் கடைசியில் உள்ள புதுப்பித்தல் பகுதியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் பெயர் வராதவர்களுக்கும், பிள்ளையை இப்போது பிளஸ் ஒன் சேர்த்திருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும்.

ஆண்டுக்கு 5,500 பேர், ஆண் பாதி பெண் பாதி. மகளுக்கு மாதம் 3,000, மகனுக்கு 2,500. இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. நான்கு வருட பி.இ. என்றால் மகளுக்கு மொத்தம் 1,44,000 ரூபாய். மார்க் குறைந்து அது போனால் மனசு ஆறிவிடும். ஓர் ஆங்கில எழுத்துக்காகப் போனால் ஆறாது.

நிஜமாகவே ஓர் எழுத்துதான். படையிலிருந்து வரும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் மகள் பெயர் 'கார்த்திகா' என்று ஆங்கிலத்தில் ஏறும்போது 'கா'வுக்கு 'ஜி' விழுந்திருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அதே இடத்தில் 'கே', பின்னால் இனிஷியல் 'எம்'. ஆதாரில் இனிஷியல் விரிந்து 'கார்த்திகா முருகேசன்'. நமக்கு மூன்றும் ஒரே பெண். டெல்லியில் கேந்திரிய சைனிக் போர்டில் காகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு மூன்று பேர். நம் ஊர் இனிஷியல் வழக்கத்தை அவருக்கு யாரும் விளக்கப்போவதில்லை.

பிறந்த தேதியிலும் இதே கூத்து. பள்ளியில் சீக்கிரம் சேர்ப்பதற்காக ஒரு தேதி கொடுத்திருப்பார்கள், யூனிட்டுக்கு வேறு தேதி போயிருக்கும். இதைவிட மோசம், பிள்ளையின் பெயரே புக்கில் இல்லாதது. 17 வருட சர்வீஸ் முடித்து முப்பத்தைந்து வயதில் வீட்டுக்கு வந்தவருக்கு இரண்டாவது குழந்தை பென்ஷன் வந்த பிறகு பிறந்திருக்கும். அந்தக் குழந்தைக்கு பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரத்தை சர்வீஸ் பதிவில் ஏற்றும் உத்தரவு) எங்கிருந்து வரும்?

எதை எதற்கு ஒத்து மாற்றுவது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றக் கடினமானது அதுதான். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு தடவையும் பிறந்த தேதியை ஒரே ஒரு தடவையும்தான் மாற்ற முடியும், அதை விளையாட்டாகச் செலவழிக்காதீர்கள். முதலில் ஆதாரைச் சான்றிதழுக்கு ஒத்து மாற்றுங்கள், பிறகு உங்கள் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் நீங்களே பேனாவால் திருத்தினால் அந்த புக்கே சந்தேகத்துக்குள்ளாகும்.

ரெக்கார்ட் ஆபீஸ், மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு, இ.எம்.இ. (எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் இன்ஜினியர்ஸ்) என்றால் செகந்திராபாத், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஆர்ட்டிலரி என்றால் நாசிக். நேவிக்காரர்களுக்கு மும்பையில் பியூரோ ஆஃப் செய்லர்ஸ், ஏர்ஃபோர்ஸுக்கு டெல்லி சுப்ரதோ பார்க்.

அனுப்ப வேண்டியவை:
- ஆர்மி நம்பர், ரேங்க், பென்ஷன் ஆணை (பி.பி.ஓ.) எண் போட்ட கடிதம். 'இப்போது இருப்பது', 'இருக்க வேண்டியது' என்று இரண்டு வரியில் கேளுங்கள், கதை வேண்டாம்.
- பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார்.
- டிஸ்சார்ஜ் புக்கின் முதல் பக்கமும் குடும்ப விவரப் பக்கமும்.
- அஃபிடவிட். நோட்டரி போதுமா, மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ரெக்கார்ட்ஸுக்கு ரெக்கார்ட்ஸ் வழக்கம் மாறும்.

நேரடியாகத் தபாலில் போடுவதைவிட, மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் உதவி இயக்குநர் அலுவலகம் வழியாக, அவர்களின் கடிதத்தோடு அனுப்புவது நல்லது. பதில் வர மாதக்கணக்கில் ஆகும். ரிசல்ட் வந்த பிறகு ஆரம்பித்தால் அந்த வருட விண்ணப்பத் தேதி போய்விடும், பிளஸ் ஒன்னிலேயே ஆரம்பிக்கச் சொல்வது அதனால்தான். பார்ட் டூ ஆர்டர் கைக்கு வந்ததும் ஸ்பர்ஷ் (ராணுவ பென்ஷன் போர்ட்டல்) கணக்கிலும் பிள்ளையின் விவரம் அதே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயர் விவகாரத்துக்கு இவ்வளவு நீளம் எதற்கு என்று தோன்றலாம். மற்ற தவறுகளெல்லாம் ஒரு மதிய நேரத்தில் சரிசெய்யக்கூடியவை.

மார்க்: குறைந்தது 60 சதவீதம் வேண்டும், பிளஸ் டூ என்றால் 600-க்கு 360. 200-க்குப் போடும் இன்ஜினியரிங் கட்-ஆஃபை இந்தக் கட்டத்தில் நிரப்பாதீர்கள். டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் வருடம் சேர்ந்தவருக்கு டிப்ளமோ மார்க், எம்.பி.ஏ., எம்.சி.ஏ., பி.எட். சேர்ந்தவருக்கு டிகிரி மார்க். சி.ஜி.பி.ஏ. மட்டும் போட்ட மார்க் ஷீட் என்றால் சதவீதமாக மாற்றும் கணக்கைப் பல்கலைக்கழகத்திடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள்.

கல்லூரி போனஃபைடு (அங்கே படிக்கிறார் என்ற சான்று): கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் அழகாக அடித்துக் கொடுப்பார்கள், அது செல்லாது. சைனிக் போர்டு போர்ட்டலில் அந்த ஆண்டுக்குக் கிடைக்கும் படிவத்தையே எடுத்துப் போங்கள், பக்கத்து வீட்டு அண்ணன் போன வருடம் நிரப்பியதன் ஜெராக்ஸ் வேண்டாம். துறைத் தலைவர் கையெழுத்து போதாது, முதல்வரோ பதிவாளரோ போட வேண்டும், முத்திரையில் பதவி தெளிவாகத் தெரிய வேண்டும். வேறு உதவித்தொகை வாங்குகிறாரா என்ற கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். ஸ்கேன் அசலிலிருந்துதான், கலரில்.

வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும், ஆதார் இணைந்திருக்க வேண்டும். ஸ்கூல் படிக்கும்போது திறந்த கணக்குகளில் தொகை வரம்பு இருக்கும். 36,000 ஒரே தவணையில் விழுந்தால் ஏற்குமா என்று கிளையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

யார் போடவே கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சர்வீஸில் இருப்பவரின் பிள்ளைக்கு இது இல்லை. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். குடும்பங்களுக்கு இதே பெயரில் தனித் திட்டம், அது தேசிய உதவித்தொகை போர்ட்டலில். விண்ணப்பத்தின் முன்னுரிமைப் பிரிவுகளில் பெரும்பாலோர் வரும் 6-ஆம் பிரிவில் அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு இடமில்லை. எம்.எஸ்ஸி., எம்.இ., தொலைநிலைப் படிப்பு, வெளிநாட்டுப் படிப்பு எதுவும் வராது. ஏற்கெனவே இரண்டாம் வருடம் போய்விட்ட பிள்ளைக்குப் புதிதாகப் போட்டும் பயனில்லை.

பி.ஏ. படிக்கும் மகளுக்கு இதில் போட்டு நிராகரிக்கப்பட்டவர்கள், ஹவில்தாரோ அதற்குக் கீழ் ரேங்கோ என்றால், சைனிக் போர்டு போர்ட்டலிலேயே கல்வி மானியம் பாருங்கள். இரண்டு பிள்ளைகள் வரை தலைக்கு மாதம் 2,000 ரூபாய், ஒன்றாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை. தொகை சிறிது, ஆனால் 5,500 இடங்களுக்கு நடப்பது போன்ற போட்டி இல்லை.

தமிழ்நாடு இன்ஜினியரிங் கலந்தாய்வில் நம் பிள்ளைகளுக்கு 150 இடங்கள் தனியாக உண்டு. உதவி இயக்குநர் தரும் சான்றிதழ்தான் அதற்கும் ஆதாரம், அதிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இந்த ஒதுக்கீட்டுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே முடிந்துவிடுவதால், 'ரேங்க் லிஸ்ட் வரட்டும், பார்க்கலாம்' என்றிருந்தால் இடம் கைநழுவும்.

இனி புதுப்பித்தல். ஒருமுறை கிடைத்தால் படிப்பு முடியும்வரை தானாக வரும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு வருடமும் 50 சதவீதம் எடுத்து, மார்க் ஷீட்டோடு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். முதல் விண்ணப்பத்தில் கிடைத்த டாக் ஐ.டி.யையும் (விண்ணப்ப எண்), பதிவு செய்த செல் நம்பரையும் மெயிலையும் மாற்றாமல் வைத்திருங்கள். மெயிலை பிரவுசிங் சென்டர்காரர் தன் பெயரில் தொடங்கியிருந்தால் இன்றே பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் குறை சொல்லித் திருப்பி அனுப்பினால் தகவல் அங்கேதான் வரும். அந்த வங்கிக் கணக்கிலும் அவ்வப்போது நூறு ரூபாயாவது போட்டு எடுங்கள். இரண்டு வருடம் அசையாத கணக்கை வங்கி செயலற்றதாக வைத்துவிடும்.