கட்டைக்கு ஆறு கட்டம்

"வெளிநாடு போறியாமே, எத்தனை மாசம்?" என்று சேலத்திலிருந்து சித்தி போனில் கேட்டபோது, நான் பெங்களூரு இராமமூர்த்தி நகர் வீட்டில் சாப்பாட்டு மேசையின் ஓரத்தை லேப்டாப்புக்காகத் துடைத்துக்கொண்டிருந்தேன். சர்வதேச அமைப்பு ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன் என்று கணவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். ஆன்லைன் என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டார். எனக்கு வந்த வாழ்த்துகளில் பாதி கென்யாவின் தட்பவெப்பம் பற்றியவை.

பகலில் எனக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் சரிபார்க்கும் வேலை. ஒரே பில்லை இரண்டு தடவை அனுப்பியிருக்கிறார்களா, தேதி இடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். அந்தக் கண்தான் அவர்களுக்கும் தேவைப்பட்டது. காட்டுயிர், வனக் குற்றங்கள் பற்றி 2015 முதல் வந்த செய்திகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடி, ஒரு பறிமுதலுக்கு ஒரு வரிசை என்று விரிதாளில் ஏற்ற வேண்டும். வாரத்துக்கு 8 மணி நேரம், ஆறு மாதம். சம்பளம் கிடையாது. ஒருங்கிணைப்பாளர் கென்யாவின் நைரோபியில். புதன்கிழமை இரவு எட்டரைக்கு நான் குக்கரை இறக்கிவிட்டு ஆன்லைன் கூட்டத்துக்கு உட்காரும்போது அவருக்கு மாலை ஆறு மணி, லுசாகாவிலிருந்து இதே வேலையைச் செய்த ஜாம்பிய இளைஞருக்கு ஐந்து.

இந்த வேலை எதற்கு என்று முதலில் எனக்கே பிடிபடவில்லை. கடத்துகிறவன் ஒரு நாட்டில் எடுத்து, இரண்டாவது நாட்டில் பெயர் மாற்றி, மூன்றாவது நாட்டில் விற்கிறான். பிடிக்கிறவர்களோ அவரவர் எல்லைக்குள் அவரவர் மொழியில் பதிவு செய்கிறார்கள். ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் 2024 அறிக்கை, 2015 முதல் 2021 வரை 162 நாடுகளிலும் பிரதேசங்களிலும் நடந்த பறிமுதல்களை அலசுகிறது. சிக்கியவை ஏறக்குறைய 4,000 இனங்களைச் சேர்ந்த உயிர்களும் தாவரங்களும். அந்த மாதிரிக் கணக்கெல்லாம் கடைசியில் யாரோ ஒருவர் ஒரு கட்டத்தில் ஒரு எண்ணைத் தட்டுவதில்தான் தொடங்குகிறது. எண்ணைத் தட்டுவதற்கு முன்னால் பெயரைத் தட்ட வேண்டும். அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

எனக்கு முன்னால் இருந்தவர் தமிழ் தெரியாதவர். மொழிபெயர்ப்புக் கருவியை நம்பி ஓட்டியிருக்கிறார். இராமேஸ்வரத்தை ஒட்டிய மண்டபம் பக்கம் பிடிபட்ட கடல் அட்டை, ஆங்கிலத்தில் 'சீ குக்கும்பர்', ஒரு வரிசையில் 'கடல் லீச்' என்றும் இன்னொன்றில் 'கடல் கார்டு' என்றும் இருந்தது. எந்த மண்டபத்தில் எந்தக் கார்டோ என்று சிரித்துவிட்டேன். உடலெல்லாம் செதில் போர்த்திய பாங்கோலினை அழுங்கு என்று ஒரு நாளிதழ் எழுதியிருந்தால் அது மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே கிடந்தது. எறும்புத்தின்னி என்று எழுதியிருந்தால் தென்னமெரிக்காவில் வாழும் வேறொரு விலங்காகியிருந்தது. "உங்கள் ஊரில் அந்த விலங்கு உண்டா?" என்று ஒருங்கிணைப்பாளர் ஆச்சரியத்தோடு கேட்டார். உலகில் உள்ள எட்டு வகை அழுங்குகளும் 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கின்றன, வணிகத்துக்கு அறவே கிடையாது. அப்பேர்ப்பட்ட விலங்கு எங்கள் விரிதாளில் கண்டம் மாறிப்போயிருந்தது.

கடல் அட்டையில் இன்னொரு வம்பு. இங்கே அது 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. கடலைத் தாண்டி இலங்கைக்குப் போனால் உரிமம் வைத்துப் பிடிக்கலாம், விற்கலாம். படகு நடுக்கடலைத் தாண்டியதும் குற்றம் சரக்காகிவிடுகிறது. எடையும் அப்படித்தான். பிடித்ததும் ஒரு எடை, அவித்ததும் ஒரு எடை. காயவைத்தால் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். செய்தியில் 'இத்தனை கிலோ' என்று மட்டும் இருக்கும், ஈரமா காய்ந்ததா என்று இருக்காது. படத்தில் சாக்கு மூட்டை தெரிந்தால் காய்ந்தது, பிளாஸ்டிக் டிரம் தெரிந்தால் ஈரம் என்று நானாக ஒரு விதி வைத்துக்கொண்டேன். அது ஊகம் என்று ஒவ்வொரு தடவையும் குறிப்புக் கட்டத்தில் எழுதியும் வைத்தேன்.

திமிங்கலம் என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. அதன் குடலில் உருவாகும் மெழுகு மாதிரியான கட்டியை ஒரு நாளிதழ் அம்பர்கிரீஸ் என்கிறது, ஒன்று திமிங்கல எச்சம் என்கிறது, ஒன்று உமிழ்நீர், இன்னொன்று வாந்தி. ஒரே கார், ஒரே சோதனைச்சாவடி, ஒரே நாலு பேர். விரிதாளில் நாலு பறிமுதலாக உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரி பில்லில் ஒரே ஊசிக்கு மூன்று பெயர் போட்டுப் பணம் கேட்பார்களே, அதே கதை. பழக்கப்பட்ட திருட்டு என்பதால் சீக்கிரம் பிடித்துவிட்டேன். கரையில் ஒதுங்கும் அம்பர்கிரீஸை சைட்டிஸ் கணக்கிலேயே எடுப்பதில்லை, விலங்கின் கழிவு என்று விட்டுவிடுகிறது. இந்தியச் சட்டத்தில் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். அதற்கென்று தனி நிறம் கொடுத்தோம். செய்திகளில் வரும் 'பல கோடி மதிப்பு' என்பதை ஏற்றவே வேண்டாம் என்றார் ஒருங்கிணைப்பாளர். எனக்கு அதில் முழுச் சம்மதம். அந்தக் கோடியை யார் எண்ணினார்கள் என்று ஒரு செய்தியும் சொன்னதில்லை.

சரி, செம்மரத்துக்கு வருகிறேன்.

செம்மரம் என்று வந்தாலே மாமா மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். மாமா என்றால் என் மாமனார், ஊர் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர் பக்கம். மைசூர் ரோடு மரவாடி ஒன்றில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். ஜாம்பிய இளைஞர் ஒருநாள் சில கட்டைகளின் படத்தை அனுப்பியிருந்தார். அவர்கள் ஊரில் முகுலா என்றொரு மரம், நம் செம்மரத்துக்கும் வேங்கைக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி முறை. 2019இல் அதையும் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். முகுலாவும் செம்மரமும் கடைசியில் போய்ச் சேருவது பெரும்பாலும் சீனாவின் மேசை நாற்காலிச் சந்தைக்கு. படத்தைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

"படத்தைப் பாத்து மரம் சொல்றவன் மரவாடியில ஒரு வாரம் தாங்க மாட்டான்மா" என்றார் மாமா. சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கினார். உள்ளே மாமியாரின் சீதனத்தில் வந்த மரப்பாச்சி ஜோடி. ஆண் பொம்மையை எடுத்துத் தண்ணீர் வாளியில் போட்டார். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. அப்புறம் அவர் சர்க்கரைக்காகத் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிக்கும் வேங்கை மர டம்ளரைக் காட்டினார். இரவு ஊற்றிய தண்ணீர் தேநீர் நிறமாக இருந்தது, வெளிச்சத்தில் சாய்த்தால் ஓரத்தில் ஒரு நீலம் ஓடியது. "வேங்கை தண்ணிக்குச் சாயம் குடுக்கும். செம்மரம் தண்ணிக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது. ஸ்பிரிட்டுக்குத்தான் மசியும்." வாசலில் கொரோனா காலத்து சானிடைசர் பாட்டில் இருந்தது. பஞ்சில் நனைத்து, பொம்மையின் அடிப்பாகத்தில், மெருகு போன இடத்தில் தேய்த்தார். பஞ்சு குங்குமம் பட்டது போல் ஆனது.

மாமியார் இதைப் பார்க்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"இது முடிவு கிடையாது, சாயம் அடிச்ச பொம்மையும் சிவக்கும்" என்று அவரே சொன்னார். உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் மல்லேஸ்வரத்தில் இருக்கும் மர அறிவியல் நிறுவனம் மாதிரி ஓர் இடத்தில் கட்டையைச் சீவி, லென்ஸ் வைத்துத் துளைகளின் அமைப்பைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் எழுதி லுசாகாவுக்கு அனுப்பினேன். அவர் வாளிப் படத்தைத் தன் குழுவில் பகிர்ந்துகொண்டதாகச் சொன்னார். பொம்மைக்குக் கண் ஏன் இல்லை என்றும் கேட்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில்தான் 2015 ஏப்ரல் 7க்கு வந்தேன். திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திர செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்த நாள். மரம் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். திருவண்ணாமலை, தருமபுரி பக்கத்து மலைக்கிராமத்துக்காரர்கள் பலர். கல்லையும் கோடரியையும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் இந்த நாளுக்கு வரிசையே போடவில்லை. தவறவிட்டாரா, எதில் போடுவது என்று தெரியாமல் விட்டாரா, தெரியாது. நான் புதிதாக ஒன்றைத் திறந்தேன். 'கைதானோர் எண்ணிக்கை' என்ற கட்டத்துக்கு வந்து விரல் நின்றது. சுழியம் போட்டால் யாரும் அகப்படவில்லை என்று அர்த்தம். காலியாக விட்டால் தகவல் இல்லை என்று அர்த்தம்.

மாமா தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டைக்கு என்னென்ன கேக்குது?"

"இனம், எண்ணிக்கை, எடை, எந்த வடிவம், எங்கேருந்து வந்துது, எங்கே போகுது."

"ஆளுக்கு?"

"எத்தனை பேர் கைது. அவ்வளவுதான் மாமா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சின்ன வயதில் போளூர் சந்தைக்கு ஜவ்வாது மலைக்காரர்கள் சாமையும் புளியும் தேனும் கொண்டுவந்து போட்டுவிட்டு, வெயில் சாயும் முன் உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறிப்போவதைப் பற்றிச் சொன்னார். காட்டில் வெட்டியதும் அங்கேயே வெண்கட்டையைச் செதுக்கித் தள்ளிவிட்டு, வைரம் பாய்ந்த உள்கட்டை மட்டும் மிஞ்சியதைத் தோளில் சுமந்து இறக்க வேண்டும். அந்தச் செதுக்கு வேலைக்குக் கோடரிப் பழக்கம் உள்ளவன் வேண்டும், அதனால்தான் தரகன் மலைக்கு வருகிறான் என்றார். மரவாடியில் இது எல்லாருக்கும் தெரியுமாம். பேச்சின் நடுவே மாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டு மோட்டாரை அணைக்க ஓடினார்.

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன். அது 250 எழுத்துக்கு மேல் வாங்காது. முதலில் எழுதியதில் இரண்டு தரப்பு வாதமும் அடங்கவில்லை; வெட்டி வெட்டி, கடைசியில் 20 என்ற எண்ணும் ஊர்களும் நின்றன.

புதன்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எனக்குக் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. பிடிபட்டவர் யார் என்று பிரிக்காத கணக்கில் ஜவ்வாது மலைக்காரரும் கன்டெய்னர் அனுப்பியவரும் ஒரே எண்தான், 1. ஒருங்கிணைப்பாளர் பொறுமையாகக் கேட்டார். செய்திகளில் அந்த விவரம் இருக்காது, கட்டம் திறந்தால் காலியாகத்தான் கிடக்கும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. லுசாகா இளைஞர் வழக்கமாகப் பேசமாட்டார். அன்றைக்கு மைக்கைப் போட்டு, முகுலாவிலும் பிடிபடுவது கிராமத்து ஆட்களும் லாரி டிரைவர்களும்தான், எங்கள் வரிசைகளையும் அப்படிப் பிரித்துப் பார்க்க ஆசை என்றார்.

மூன்று வாரம் கழித்து மஞ்சள் தலைப்போடு ஒரு புதிய கட்டம் வந்திருந்தது: பங்கு. கீழே இழுத்தால் வெட்டுபவர், சுமப்பவர், ஓட்டுநர், தரகர், ஏற்றுமதியாளர், தெரியவில்லை. பழைய வரிசைகளையெல்லாம் திறந்து மறுபடி படிக்க வேண்டும், அதாவது என் ஆறு மாதம் எட்டு மாதமாகும். கணவர் வாட்ஸ்அப் குழுவில் 'பணி நீட்டிப்பு' என்று போட்டார். சித்தி மறுபடி போன் செய்தார்.

இப்போது தினமும் இரவு பத்து வரிசை பார்க்கிறேன். வெட்டுபவர், சுமப்பவர், ஓட்டுநர் என்று விரல் தானாகப் போகிறது. தரகர் அபூர்வமாக வருவார். நேற்று மாமா காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்து, "அஞ்சாவது ஆள் வந்தானா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை மாமா."

"சரி, நீ பாரு" என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போனார்.