தீர்மானம் 242-ஐத் தமிழில் எழுதிப் பாருங்கள்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதுவது என்று முடிவு செய்தபோது, மேற்கு ஆசியாவுக்கென்று என்னிடம் ஒரு தடித்த நோட்டு இருந்தது. பதினான்கு மாதங்களாக நாளிதழ்களிலிருந்து வெட்டி ஒட்டிய துணுக்குகள். போர்நிறுத்தம், பேச்சுவார்த்தை, கண்டனம், மறுபடியும் குண்டுவீச்சு. மாதிரித் தேர்வு ஒன்றில் அரபு-இஸ்ரேல் மோதலில் ராஜதந்திரத்தின் பங்கை மதிப்பிடச் சொன்னார்கள். நோட்டில் இருந்ததையெல்லாம் விடைத்தாளில் இறக்கி வைத்தேன். 15-க்கு 4 மதிப்பெண். ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "நடந்ததைச் சொல்லிவிட்டீர்கள். எப்படி நடந்தது?"

அதன் பிறகு நான் படித்த முறையை, இதே பகுதியைப் படிக்கப்போகும் உங்களுக்காகச் சொல்கிறேன்.

முதலில் செய்தித்தாளை மூடிவிட்டு ஆவணத்தை எடுத்தேன். அரபு நாடுகளின் பகுதிகளை இஸ்ரேல் கைப்பற்றிய 1967 ஜூன் போருக்குப் பிறகு, நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம் 242. பிரிட்டன் தூதர் கேரடன் பிரபு முன்வைத்த வரைவு. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அதன் பிறகு நடந்த முக்கியப் பேச்சுவார்த்தைகளில் பெரும்பாலானவை அதைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன. தமிழில் எழுதிப் பார்த்தேன்: "அண்மைய மோதலில் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலகுதல்." சரியாக இருப்பதாகத்தான் தோன்றியது.

ஆங்கில வாசகத்தில் 'பகுதிகள்' என்ற சொல்லுக்கு முன்னால், குறிப்பிட்டதைச் சுட்டும் 'தி' (the) கிடையாது. அதனால் எல்லாப் பகுதிகளிலிருந்தும் விலக வேண்டியதில்லை என்பது இஸ்ரேலின் வாதம். போரினால் நிலம் பெறுவது ஏற்கத்தக்கதல்ல என்று அதே தீர்மானத்தின் முகப்பு சொல்கிறதே, பிறகு எதை விட்டுவைப்பது என்பது அரபு நாடுகளின் வாதம். பிரெஞ்சு வாசகமும் இருப்பது தெரிந்து, புதுச்சேரியிலிருந்து வந்து எங்களோடு படித்துக்கொண்டிருந்த நண்பரிடம் நீட்டினேன். நூலக மேசையில் விரல் வைத்து வாசித்தவர் 'தே தெரித்துவார்' என்ற இடத்தில் நின்றார். இந்த 'தே'யைக் குறிப்பிட்ட அந்தப் பகுதிகளிலிருந்து என்றுதான் இங்கே படிக்கத் தோன்றுகிறது என்றார். என் தமிழ் வரியை மறுபடி பார்த்தேன். தமிழில் 'தி' என்று ஒன்று இல்லை. 'பகுதிகளிலிருந்து' என்று எழுதினாலே வாசகர் எல்லாப் பகுதிகளையும் என்றுதான் எடுத்துக்கொள்வார். எனக்குத் தெரியாமலே ஒரு தரப்பின் வாசகத்தை எழுதியிருந்தேன். 15 மதிப்பெண் விடையில் இந்த ஒரு சொல்லுக்கு மூன்று வரி ஒதுக்குங்கள். ஒதுக்கியது வீண் போகாது.

அடுத்து, ஒவ்வொரு பேச்சுவார்த்தைக்கும் ஒரே கேள்வியைக் கேட்கப் பழகினேன்: கேமரா அறைக்குள் இருந்ததா, வெளியே இருந்ததா? நோட்டிலும் ஒரு மாற்றம் செய்தேன். வலப்பக்கத்தில் அன்றைய செய்தி. இடப்பக்கம் வெறுமை, பின்னாளில் தெரியவந்ததை எழுத.

எகிப்து அதிபர் சதாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1977 நவம்பர் 9 அன்று, தேவைப்பட்டால் இஸ்ரேல் நாடாளுமன்றத்துக்கே போவேன் என்று தம் நாட்டு மக்கள் பேரவையில் சொன்னார். அந்த அவையில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் தலைவர் யாசர் அராஃபத்தும் உட்கார்ந்திருந்தார். வெறும் மேடைப் பேச்சு என்றே பலர் நினைத்தார்கள். 14-ஆம் தேதி அமெரிக்கத் தொலைக்காட்சியின் வால்டர் கிராங்கைட், செயற்கைக்கோள் வழியாக சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் தனித்தனியே பேட்டி கண்டார். முறையான அழைப்பு வந்தால் ஒரு வாரத்துக்குள் வரத் தயார் என்றார் ஒருவர். அழைப்பு வரும் என்றார் மற்றவர். 19-ஆம் தேதி இரவு சதாத்தின் விமானம் இஸ்ரேலில் இறங்கியது. வலப்பக்கத்தை மட்டும் படித்தவர் தொலைக்காட்சிதான் சமாதானம் செய்து வைத்தது என்று எழுதுவார். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். இடப்பக்கத்தில் இருப்பது வேறு: அதே ஆண்டு செப்டம்பரில் மொராக்கோவில் இஸ்ரேல் வெளியுறவு அமைச்சர் மோஷே தயானும் சதாத்தின் ஆளான ஹசன் துஹாமியும் ரகசியமாகச் சந்தித்திருந்தார்கள். கதவின் தாழை அவர்கள் முன்பே தளர்த்திவிட்டார்கள். கேமரா செய்தது, திரும்பிப் போக முடியாதபடி இருவரையும் உலகத்தின் முன் நிறுத்தியது. அதுவும் சிறிய காரியமல்ல.

மறு ஆண்டு, சதாத்தையும் பெகினையும் கேம்ப் டேவிட் ஓய்வில்லத்தில் உட்கார வைத்த அமெரிக்க அதிபர் கார்ட்டர் இதைத் தலைகீழாகச் செய்தார். செப்டம்பர் 5 முதல் 17 வரை 13 நாள்கள் செய்தியாளர்கள் வேலிக்கு வெளியே. செய்தி சொல்ல ஒரே வாய், வெள்ளை மாளிகையின் ஜோடி பவல். காலையில் விட்டுக்கொடுத்தவர் மாலைச் செய்தியில் கோழை ஆக்கப்படுவார் என்ற பயம் அங்கே இல்லை. 1979 மார்ச் 26 அன்று எகிப்து-இஸ்ரேல் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. எகிப்தை அரபு லீக் விலக்கிவைத்தது. தலைமையகமும் கெய்ரோவிலிருந்து துனிஸுக்குப் போனது.

மாட்ரிட்டையும் ஆஸ்லோவையும் சேர்த்தே படியுங்கள். 1991 அக்டோபர் 30 அன்று தொடங்கிய மாட்ரிட் மாநாட்டில் எல்லாரும் எதிரில் இருந்தவரிடம் பேசவில்லை, தத்தம் ஊர் மக்களிடம் பேசினார்கள். சிரியாவின் வெளியுறவு அமைச்சர், இஸ்ரேல் பிரதமர் ஷமீரின் இளவயதுப் படத்தை, பிரிட்டிஷ்காரர்கள் அவரைத் தேடிய காலத்துப் படத்தை, அவையில் தூக்கிக் காட்டினார். அந்தப் படம் யாருக்காகத் தூக்கப்பட்டது என்று யோசித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தொடர்ந்து வாஷிங்டனில் நடந்த சுற்றுகள் நகரவில்லை. 1993 ஜனவரியில் நார்வேயில் இரண்டு இஸ்ரேலியக் கல்வியாளர்களும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் அஹ்மத் குரையும் ஓர் ஆய்வு நிறுவனத்தின் நிழலில் ரகசியமாக உட்கார்ந்தார்கள். ஆஸ்லோ என்று சொல்வது இந்தப் பேச்சுகளைத்தான். செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேல் பிரதமர் ரபினும் அராஃபத்தும் கைகுலுக்கினார்கள்.

ஆனால் ரகசியமே நல்லது என்று எழுதிவிடாதீர்கள். ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லை எல்லாம் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆஸ்லோவில் ஒத்திப்போடப்பட்டன. இரண்டு மக்களும் எதற்கும் ஆயத்தப்படுத்தப்படாமலே அந்தக் கைகுலுக்கலைப் பார்த்தார்கள். 1995 நவம்பர் 4 அன்று ரபினை ஓர் இஸ்ரேலியரே சுட்டுக் கொன்றார். மூடிய அறையின் விலை இது என்பது என் கருத்து, மறுப்பவர்களும் உண்டு.

இந்தியாவின் நிலைப்பாட்டுக்குச் சில தேதிகள் போதும். 1947-இல் பிரிவினைத் திட்டத்துக்கு எதிராக வாக்களித்தது, 1950-இல் இஸ்ரேலை அங்கீகரித்தது, 1992 ஜனவரி 29 அன்று முழுத் தூதரக உறவு. கடைசித் தேதி மாட்ரிட்டுக்கு மூன்று மாதம் பின்னால் வருவதைச் சுட்டிக் காட்டுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குச் சொற்களில் கூடுதல் கவனம் வேண்டும். 1973 போரை இஸ்ரேல் தரப்பு யோம் கிப்பூர் போர் என்னும், அரபுத் தரப்பு அக்டோபர் போர் என்னும். மேற்குக் கரையில் எழுந்தது இஸ்ரேலுக்குப் பாதுகாப்பு வேலி. 2004-இல் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்துரைக்கு அது சுவர். நான் முதல் முறை வரும்போது இரண்டு பெயரையும், யார் சொல்வது என்பதோடு எழுதிவிடுகிறேன். இடம் பிடிக்கும்; இருந்தாலும் எழுதுங்கள்.

2023 அக்டோபருக்குப் பிந்தைய பக்கங்களைப் படிக்கும்போது செய்தி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். போர் தொடங்கிய பின் நீண்ட காலம் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் இஸ்ரேலியப் படையின் துணையில்லாமல் காசாவுக்குள் பெரும்பாலும் போக முடியவில்லை. உள்ளிருந்து எழுதியவர்கள் காசாவின் சொந்தச் செய்தியாளர்கள். பலர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் அனுப்பிய துணுக்குகளைத்தான் நான் வலப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். போர்நிறுத்தத்துக்காக தோஹாவிலும் கெய்ரோவிலும் மூடிய அறைகளில் என்ன பேசினார்கள் என்பதற்கான இடப்பக்கங்கள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கின்றன.