பன்றி இழுப்பும் ஆல்ட்–ஷிஃப்ட் தொல்லையும்: டிசி சும்மா நிற்பது 18 வினாடிக்கு இறங்கியது

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன், அரேபியா வரைபடம், திராவிடர் நாகரிகம். அடுத்த யுகமான ஃபியூடலுக்குக் கிளிக் செய்யும்வரை, ஆட்களை உருவாக்கும் டவுன் சென்டர் (டிசி) சும்மா நின்ற நேரம் மொத்தம் 18 வினாடி. போன மாதம் இதே கணக்கு 1 நிமிடம் 40 வினாடி. பதிவான ஆட்டங்களை ஓட்டி, டிசி எங்கெங்கே நின்றது என்று நோட்டில் குறித்ததில் முக்கால்வாசி ஒரே இடத்தில் விழுந்தது: உணவுக்காகக் காட்டுப்பன்றியை டிசிவரை இழுத்து வரும் சமயத்தில். வேலைக்கார ஆளான வில்லேஜர் ஒருவர் பிறக்க 25 வினாடி. 100 வினாடி வீணானால் நான்கு ஆள் குறைவு. எதிராளி எட்டாவது நிமிடத்தில் நான்கு ஆள் கூடுதலாக வைத்திருந்தால், அதற்குப் பிறகு படையை எவ்வளவு அழகாக நகர்த்தினாலும் ஈடுகட்டுவது கஷ்டம்.

இங்கே சொல்கிற நேரமெல்லாம் கேம் கடிகாரம். நார்மல் வேகம் 1.7 மடங்கில் ஓடுவதால், 25 வினாடி என்பது நம் கைக்கடிகாரத்தில் 15 வினாடிகூட இல்லை. புதியவர்களுக்குக் கை பதறுவதற்கு இதுதான் காரணம். தனியாகப் பழகும்போது வேகத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை.

முதலில் கணக்கைப் பிடித்துவிடலாம். கையில் 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல். மூன்று வில்லேஜர், ஒரு ஸ்கவுட். மக்கள்தொகை 22ல் மேலே போகத் திட்டம் என்றால் 18 வில்லேஜர் புதிதாக வேண்டும். 18 தரம் 25, 450 வினாடி. வில்லேஜரின் உயிரைக் கூட்டும் ஆராய்ச்சியான லூம் 25 வினாடி. டிசி ஒரு நொடியும் நிற்காவிட்டால் 7:55க்கு ஃபியூடல் கிளிக், 130 வினாடி கழித்து 10:05க்கு ஃபியூடல். உணவுப் பக்கம் 18 ஆளுக்கு 900, ஃபியூடலுக்கு 500. கையிருப்பு 200 போக 1,200 சேர்க்க வேண்டும். ஆடு எட்டு, தலா 100. பன்றி இரண்டு, தலா 340. பெர்ரிச் செடி ஒவ்வொன்றும் 125. உணவுக்குப் பஞ்சமில்லை, அது டிசிக்கு நேரத்தோடு வந்து சேர்வதில்தான் எல்லாமே இருக்கிறது.

தொடக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஹெச் அமுக்கி டிசி, வில்லேஜருக்கு க்யூ நான்கு தடவை. டிசி தரும் இடம் 5, நாம் இருப்பது 4 பேர். அதனால் முதல் வில்லேஜர் வெளியே வரும்போதே வீடு எழுந்திருக்க வேண்டும். இரண்டு பேர் ஒரு வீடு, மூன்றாவது ஆள் இன்னொரு வீடு. ஆளைத் தேர்ந்து க்யூ, மறுபடி க்யூ: அதுதான் வீடு. க்யூ, ஆர்: லம்பர் கேம்ப். க்யூ, டபிள்யூ: மில். வேலையில்லாமல் நிற்கிறவனைக் காட்ட முற்றுப்புள்ளி விசை. இதையெல்லாம் பார்க்காமல் அமுக்க வரும்வரை சண்டையைப் பற்றி யோசிக்க வேண்டாம். முதல் ஆறு பேர் ஆட்டுக்கு, அடுத்த நான்கு பேர் மரத்துக்கு, பதினோராவது ஆள் பன்றிக்கு. ஆடுகளை ஒவ்வொன்றாக மட்டும் அறுக்கவும். இரண்டு கிடந்தால் இரண்டும் அழுகிக் குறையும்.

இனி பன்றி. பதினோராவது ஆள் 3:20க்குப் பிறக்கிறான். டிசியைத் தேர்ந்து பன்றிமேல் வலது கிளிக் செய்து வைத்தால், பிறந்ததும் நேராக அங்கே போய்விடுவான். உடனே டிசியின் சேர்விடத்தைத் திரும்பப் பெர்ரிப் பக்கம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பன்னிரண்டாவது ஆளும் பன்றியிடம் போவான். புதியவர்களின் பதிவுகளில் ஆளைப் பலிகொடுக்கும் தவறுகளில் இதுதான் அதிகம். மாற்றிய கையோடு க்யூவை இரண்டு தடவை அமுக்கிவிட வேண்டும். 100 உணவு அதில் முடங்கும், முடங்கட்டும். அந்த 50 வினாடிக்கு டிசியை மறந்துவிட்டுப் பன்றியைக் கவனிக்கலாம். 1:40லிருந்து குறைந்ததில் பாதிக்குமேல் இந்த ஒரு பழக்கத்தால்தான். முன்பெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்ததால், பன்றி ஓடி வரும் சமயம் பார்த்து வரிசை காலியாகும்.

ஆட்டுக்கறி எடுக்கிற ஆறு பேரையும் முன்கூட்டியே கண்ட்ரோல்–1 போட்டுக் குழுவாக்கி வைக்கவும். இரட்டைக் கிளிக்கில் பிடித்தால் திரையில் தெரியும் மரவெட்டிகளும் சேர்ந்து வந்துவிடுவார்கள்.

அம்பு பட்டதும் பன்றி திரும்பும். திரும்பிய மாத்திரத்தில் ஆளைத் தேர்ந்து, ஆல்ட் பிடித்தபடி டிசிமேல் வலது கிளிக். அவன் உள்ளே போய்ப் பதுங்குவான். வழியில் பன்றி துரத்தாமல் நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொள்ளவும். நின்றால் திரும்பி இன்னொரு அம்பு. பன்றி டிசி சுவரை ஒட்டி வந்து நின்ற பிறகுதான் 1 அமுக்கி அதன்மேல் வலது கிளிக். இந்த இடத்தில்தான் அவசரம் கூடாது. ஐந்தாறு கட்டம் தள்ளியிருக்கும்போதே ஆறு பேரையும் ஏவிவிட்டால் பன்றி அங்கேயே சாகும். 340 உணவையும் அங்கிருந்து சுமந்து நடந்து கொண்டுவர வேண்டும், அந்த நடையில் லாபம் முழுக்கப் போய்விடும். பிணம் டிசியைத் தொட்டபடி விழ வேண்டும். உள்ளே பதுங்கியவனை உடனே வெளியேற்றிக் கறியெடுக்கச் சேர்த்துவிடுங்கள். டிசியை வைத்தே பன்றியை அடித்துப் பலவீனப்படுத்துகிறவர்களும் உண்டு. கடைசி அடி வில்லேஜருடையதாக இருந்தால்தான் கறி கிடைக்கும், டிசி அம்பில் செத்தால் 340ம் போச்சு.

ஆளின் உயிர்க்கணக்கையும் பார்க்க வேண்டும். லூம் இல்லாத வில்லேஜருக்கு 25. பன்றி ஒரு முட்டுக்கு 7. 18, 11, 4, அடுத்ததில் சாவு. மூன்று முட்டு வாங்கி 4ல் நிற்பவனை இரண்டாவது பன்றிக்கு அனுப்பவே கூடாது. லூம் போட்டவனுக்கு உயிர் 40, முட்டுக்கு 6தான் குறையும், ஆறு முட்டு தாங்குவான். லூமை இரண்டாவது பன்றிக்கு முன்பே போடலாமா, கடைசியில் போடலாமா என்று கேட்பார்கள். பன்றி தூரத்தில் இருந்தால் முன்பே போடுவது மேல். எப்போது போட்டாலும் அதே 25 வினாடிதான், ஆள் செத்தால் 50 உணவும் இன்னொரு 25 வினாடியும். முதல் பன்றியில் சுமார் 140 உணவு மிச்சம் இருக்கும்போது, முழு உயிரோடு இருக்கிற ஒருவனை அடுத்த பன்றிக்கு அனுப்பினால் சரியாக இருக்கும்.

இப்போது அந்தத் தொல்லை. மூன்று வாரமாகப் பன்றி வரும் சமயத்தில் மட்டும் ஹெச்சும் க்யூவும் வேலை செய்யாமல் போயின. மவுஸ் வேலை செய்யும், எண் விசைகள் சரியாக இருக்கும், எழுத்து விசைகள் மட்டும் செத்துவிடும். கீபோர்டு கெட்டுவிட்டது என்று புதிது வாங்கியும் அதே கதை. காரணம் விண்டோஸில் இருந்தது. கணினியில் ஆங்கிலத்தோடு தமிழ்99 விசைப்பலகையும் வைத்திருப்பவர்களுக்கு இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து விழுந்தால் எழுத்துமொழி மாறிவிடும். பன்றி இழுப்பில் ஆல்ட் பதுங்க வைக்க, ஷிஃப்ட் அடுத்தடுத்த வேலையை வரிசைப்படுத்த. ஒன்றை விடுவதற்குள் இன்னொன்றை அமுக்கினால் கீபோர்டு தமிழுக்குப் போய்விடுகிறது, ஹெச் அமுக்கினால் கேமுக்கு ஹெச் போய்ச் சேரவில்லை. தமிழில் தட்டச்சு செய்கிற ஆட்டக்காரர்கள் எல்லாரும் இதை முதல் நாளே சரிசெய்துவிடுவது நல்லது: செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ். அங்கே சேஞ்ச் கீ சீக்வென்ஸ் திறந்து நாட் அசைன்ட் கொடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் இருக்கவே இருக்கின்றன. அதோடு ஸ்டிக்கி கீஸையும் அணைத்துவிடவும். ஷிஃப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் நடு ஆட்டத்தில் ஒரு பெட்டி வந்து நிற்கும்.

ஹெச் விசை இடது கைக்கு எட்டாக்கை. ஆள்காட்டி விரலை நீட்டித் திரும்பக் க்யூவுக்கு வருவதற்குள் கை இடம் மாறிவிடுகிறது. டிசித் தேர்வை மவுஸின் பக்கவாட்டுப் பொத்தானுக்கு மாற்றியதும் இது தீர்ந்தது. எங்கள் வேலூரில் ஆபிசர்ஸ் லைன் கடைகள் பக்கம் மவுஸ் தேடினால் பளபள விளக்கு எரிகிறதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். விளக்கு முக்கியமில்லை. கட்டைவிரல் படுகிற இடத்தில் இரண்டு பொத்தான் இருக்கிறதா, அவை கெட்டியாக இல்லாமல் இலேசாக அமுங்குகிறதா என்று கடையிலேயே ஐம்பது தடவை அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். லேப்டாப்காரர்களுக்கு இன்னொன்று: நம்மூர்க் கத்திரி வெயிலில் அறையே கொதிக்கும்போது லேப்டாப் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். பலர் சேர்ந்து ஆடும்போது ஒருவருடைய மெஷின் திணறினால் எல்லாருக்கும் ஆட்டம் இழுக்கும். அடிப்பக்கம் இரண்டு புத்தகம் வைத்துத் தூக்கி, உயர்தர கிராஃபிக்ஸை அணைத்து, காலை ஏழு மணிக்குள் ஆடுவது உத்தமம். யூபிஎஸ்ஸில் ரூட்டரையும் செருகிவிடுங்கள். கரண்ட் போய் கணினி மட்டும் உயிரோடு இருந்து பயனில்லை.

ஃபியூடல் கிளிக்குக்கு முன் ஒரு சின்ன வேலை. 500 வேண்டிய இடத்தில் மேலே 430 காட்டினால் காத்திருக்காதீர்கள். பன்றிக்கறி எடுக்கிறவர்கள் ஆளுக்கு 35 வரை சுமப்பார்கள், ஆட்டுக்கறிக்கு 10தான். கறி எடுப்பவர்களைத் தேர்ந்து டிசிமேல் வலது கிளிக் செய்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிடுவார்கள். நான்கு பேர் கையில் தலா 20 இருந்தாலே 70 தாண்டிவிடும். பிறகு அவர்களைக் கறிக்குத் திருப்பி அனுப்ப மறக்க வேண்டாம்.

ஃபியூடலுக்குத் தேவையான இரண்டு கட்டடம் லம்பர் கேம்பும் மில்லும் என்பதால் அதற்காகத் தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஏறுகிற 130 வினாடிக்குள் 175 மரம் போட்டு காலாட்படைக் கட்டடமான பேரக்ஸ். திராவிடருக்கு ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் சும்மா வரும். ஃபியூடல் மணி அடித்ததுமே அதில் 175 எடுத்து ஆர்ச்சரி ரேஞ்ச் வைத்துவிடலாம். மற்றவர்கள் மரம் சேர்த்துக்கொண்டிருக்கும்போது இங்கே வில்லாளிகளை எதிர்க்கும் ஸ்கர்மிஷர் வரத் தொடங்கிவிடும். திராவிட ஸ்கர்மிஷர் ஈட்டி எறிகிற வேகமும் கூடுதல். எதிரி வில்லாளிகளோடு வந்தால் இதுவே போதும். ஸ்கவுட் குதிரை வந்தால் ஈட்டிக்காரர் மூன்று பேர் மரவெட்டிகள் அருகில் நிற்கட்டும். நைட் குதிரை நமக்குக் கிடையாது என்பதால் காசில் யுகத்திலும் காலாட்படையை நம்பித்தான் ஆக வேண்டும். பேரக்ஸ் ஆராய்ச்சிகள் பாதி விலை என்பது அங்கே கைகொடுக்கிறது.

மேட்டில் நின்று அடித்தால் 25 சதவீதம் கூடுதல் அடி, பள்ளத்திலிருந்து மேலே அடித்தால் 25 சதவீதம் குறைவு. புதியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. கோட்டைக்கு எதிரே மலை உச்சிகளில் சின்னக் கோட்டைகளை ஏன் கட்டினார்கள் என்று வேலூர்க்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்கர்மிஷர்களை மேட்டில் நிறுத்திவிட்டு எதிரி ஏறி வரும்வரை காத்திருங்கள். மதில் கட்டும்போதும் வரைபடம் முழுக்கச் சுற்ற வேண்டாம். காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் மரவேலியாலும் வீடுகளாலும் அடைத்தால் போதும். இதுவும் கஷ்டமாகத் தோன்றினால் அரீனா வரைபடத்தில் பழகுங்கள். அங்கே முதல் வினாடியிலேயே கல்மதில் சுற்றி நிற்கும், அகழி இல்லாத வேலூர்க் கோட்டை மாதிரி. பன்றி இழுப்பையும் வீட்டு வரிசையையும் யாரும் தொந்தரவு செய்யாமல் இருபது தடவை செய்து பார்க்கலாம். தனி ஆட்டத்தில் ஆர்ட் ஆஃப் வார் பகுதியில் தொடக்கப் பொருளாதாரப் பாடமும் இருக்கிறது. அதில் தங்கப் பதக்கம் வாங்கும்வரை விடாதீர்கள்.

அடுத்து காசில். 800 உணவு, 200 தங்கம், 160 வினாடி. ஃபியூடலில் இரண்டு கட்டடம் வேண்டும்; ஆர்ச்சரி ரேஞ்ச் ஒன்று, இன்னொன்று பிளாக்ஸ்மித்தா மார்க்கெட்டா என்பதை இன்னும் சோதிக்கிறேன். இடிக்கிற இடம் கழனி. ஒன்றுக்கு 60 மரம், ஆட்டுக்கறி முடிந்ததும் ஆறு பேரையும் ஒரே நேரத்தில் கழனிக்கு மாற்றினால் 360 மரம் ஒரேயடியாகப் போய் டிசி மறுபடி நிற்கிறது. கழனிக்கான ஆராய்ச்சியான ஹார்ஸ் காலரை முன்பே போட்டு, பன்றி தீரத் தீர ஒவ்வொருவராகக் கழனிக்கு மாற்றிப் பார்த்ததில் இரண்டு ஆட்டத்தில் சரியாக வந்தது, மூன்றாவதில் மரம் 40 குறைந்து ஐந்தாவது கழனியில் நின்றுவிட்டது. மரத்துக்கு ஒரு ஆளைக் கூட்டி, பெர்ரியில் ஒருவரைக் குறைத்து, ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து ஆட்டம் பதிவு செய்யப்போகிறேன்.