பீஸ் இருக்கோ, ஐயா?

கொழும்பில் எம்.ஆர்.ஐ அறையில் வேலை செய்த காலத்தில், இரத்தக் குழாய்ப் படத்துக்காக ஊசியில் ஏற்றும் கொன்ட்ராஸ்ட் மருந்துகளைப் பற்றி எங்களுக்கு ஒரே கேள்விதான்: எது குழாயை வெள்ளையாகக் காட்டும்? 60 கிலோ ஆளுக்குக் கடோட்டரேட் 12 மில்லிலீட்டர் வேண்டும். கடோபியூட்ரோல் இருமடங்கு செறிவு என்பதால் 6 போதும். கடோபொஸ்வெசற் என்று ஒன்று, இரத்தத்திலுள்ள அல்புமினோடு ஒட்டிக்கொண்டு நெடுநேரம் குழாய்க்குள்ளேயே நிற்கும் என்று வாசித்து ஆசைப்பட்டதுண்டு. நிற்கும், சரி. ஆனால் நேரம் போகப் போக நாடியும் (தமனி) நாளமும் (சிரை) சேர்ந்தே வெளுக்கும். பிரித்துப் பார்ப்பவருக்குத் தலையிடி. பிறகு அது சந்தையிலிருந்தே போய்விட்டது.

அப்புறம் வன்னிக்கு மாற்றம் வந்தது. இங்கே எனக்கு எக்ஸ்ரே அறை மட்டும்தான். எம்.ஆர்.ஐக்கு வெளியே அனுப்புகிறவர்களின் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதும் என் தலையில் விழுந்தது.

ஒருநாள் செட்டிகுளம் பக்கத்திலிருந்து ஒரு வயல்காரர் வந்தார். நூறு அடி நடந்தால் கெண்டைக்கால் இறுகிவிடுகிறதாம். கால் நாடி அடைத்திருக்கிறதா என்று எம்.ஆர்.ஐயில் பார்க்க வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்தேன், சிறுநீரகம் கால்வாசிக்கும் குறைவாகத்தான் வேலை செய்கிறது. இந்தப் பக்கத்து வயல்காரரிடம் இது புதினமில்லை.

இந்த மருந்துகளில் இருக்கும் கடோலினியம் என்ற உலோகம் தனியே நஞ்சு. அதைப் பிடித்து வைத்திருக்கும் மூலக்கூறு சில மருந்துகளில் திறந்த சங்கிலி, சிலவற்றில் மூடிய கூடு. சிறுநீரகம் பழுதானவரின் உடம்பில் மருந்து நாட்கணக்கில் தங்கும்போது சங்கிலி அவிழ்ந்துவிடலாம். தோல் மரக்கட்டைபோல இறுகும் நோய்க்கும் இந்த மருந்துகளுக்கும் உள்ள தொடர்பு 2006இல்தான் வெளிப்பட்டது. அதற்கு முன் எத்தனை பேருக்கு யோசிக்காமல் ஏற்றியிருப்பார்கள்! ஆகவே, கூடு வகைதான் வேண்டும் என்று படிவத்தில் எழுதினேன். கடோட்டரேட்டும் கடோபியூட்ரோலும் அந்த வகைதான். கொழும்பில் நாங்கள் பெரிதாகப் பேசிய 12, 6 கணக்கு இங்கே நினைவுக்கே வரவில்லை.

படிவத்தின் கடைசிக் கட்டத்தில் பேனையை வைத்துக்கொண்டு கேட்டேன். பீஸ் என்றால் இங்கே, போரில் உடம்பில் ஏறிய செல் (எறிகணை) துண்டு.

“ஐயா, உடம்பில பீஸ் ஏதும் இருக்கோ?”

“ஒண்டு ரெண்டு இருக்கு தம்பி. 2009இல பட்டது. அது ஒண்டும் செய்யாது.”

எக்ஸ்ரே எடுத்தேன். முழங்காலுக்குச் சற்று மேலே, பெரிய நாடி போகும் இடத்தை ஒட்டி, நகத்தளவு செல் துண்டு. இரும்பென்றால் எம்.ஆர்.ஐயின் காந்தம் இழுக்கும். இழுக்காவிட்டாலும் படத்தில் அந்த இடம் கறுப்புக் குழியாகிவிடும். எந்த மருந்தை ஏற்றினாலும் நாங்கள் பார்க்க வேண்டிய குழாய்ப் பகுதி அதற்குள் மறைந்துபோகும். சி.ரி எடுக்கலாமே என்றால், அந்த அயடீன் மருந்தும் சிறுநீரகத்துக்கு ஆகாது.

டொக்டரிடம் படத்தைக் காட்டினேன். படிவத்தை வாங்கி மடித்து மேசையில் வைத்துவிட்டு, டொப்ளர் எழுதினார்; ஊசி இல்லாமல் ஒலியலையால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கான். அடுத்த கிழமை ஜெல் பூசிய காலோடு கட்டிலில் கிடந்தபடி ஐயா கேட்டார்: “அப்ப ஊசி இல்லையோ தம்பி?”