சட்டத்தைத் தாண்டிய கால்

மார்ச் 2

பதினாறாம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் ஓவியர் பீட்டர் புரூகலின் ‘கோடை’யைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் நள்ளிரவு ஆகிவிட்டது. நான்கு பருவங்களைக் காட்டும் தொடரில் ஒன்று; 1568இல் அவர் வரைந்ததைப் பார்த்துச் செதுக்கிய செப்புத்தகட்டு அச்சு. அளவு ஏறக்குறைய ஒரு ஏ4 தாள்தான். முன்னால் ஓர் அறுவடைக்காரன் உட்கார்ந்து, பெரிய குடுவையை அண்ணாந்து பிடித்துக் குடிக்கிறான். நீட்டிய கால் படத்தின் சட்டத்தைத் தாண்டி, கீழே லத்தீன் வரி இருக்கும் இடத்துக்கே வந்துவிடுகிறது. அந்த வெயிலும் தாகமும் என் மேசை வரை வந்துவிட்டன.

மார்ச் 3

அந்தக் காலத்து ஓவிய வழக்கப்படி கோடைக்குக் கதிர்க்கட்டு ஏந்திய சீரிஸ், ரோமானியரின் தானிய தேவி, வர வேண்டும். இளவேனிலுக்குப் பூக்களோடு மலர்தேவி ஃபுளோரா, இலையுதிர்காலத்துக்குத் திராட்சையோடு மதுவின் கடவுள் பாக்கஸ், குளிர்காலத்துக்கு நெருப்பருகே ஒரு கிழவர். புரூகலிடம் இவர்கள் யாருமே இல்லை. காய்கறிக் கூடை சுமந்து வரும் ஒருத்தி இருக்கிறாள். முகம் மறைந்து, கூடையே தலைபோலத் தெரிகிறது. தேவிதான் வயலுக்கு இறங்கி வேலை செய்கிறாள் என்று எனக்குப் படுகிறது.

மார்ச் 5

இன்று ‘இளவேனில்’, 1565இல் வரைந்தது. முன்னால் பாத்தி கொத்துகிறார்கள்: மார்ச். நடுவில் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிறார்கள்: ஏப்ரல். தூரத்தில் பந்தலடியில் கொண்டாட்டம்: மே. கண் உள்ளே போகப் போக மாதமும் நகர்கிறது. இது தெரிந்ததும் எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன்.

மார்ச் 6

ஹாம்பர்க்கில் இருக்கும் ‘கோடை’ மூல வரைபடத்தையும் அச்சையும் அருகருகே வைத்தேன். தகட்டில் செதுக்கியது தாளில் இடம் வலமாக மாறி விழும், சரி. ஆனாலும் அந்தக் கால் மட்டும் இரண்டிலும் வெளியேதான் நீள்கிறது.

மார்ச் 9

மிச்ச இரண்டு பருவங்களை வரையாமலேயே 1569இல் புரூகல் இறந்துவிட்டார். ஆண்ட்வெர்ப் பதிப்பாளர் ஹிரோனிமஸ் கோக் தொடரைக் கைவிடவில்லை. ஹான்ஸ் போல் என்ற ஓவியரை வரையச் சொன்னார். நான்கையும் செதுக்கியவர் பீட்டர் வான் டெர் ஹைடன். 1570இல் தொடர் வெளிவந்தது. அதே ஆண்டு கோக்கும் போய்விட்டார். மனைவி ஃபோல்க்ஸ்கன் டீரிக்ஸ் தொழிலை ஏற்று நடத்தினார்.

போலின் ‘குளிர்கால’த்தில் உறைந்த நீர்மேல் சறுக்குகிறார்கள். அழகான படம்தான், குறை சொல்ல மனமில்லை. ஆனால் புரூகலின் அந்தக் கனத்த உடல்களை என் கண் தேடிக்கொண்டே இருந்தது. அப்புறம் மறுபடியும் ‘கோடை’யைத் திறந்தேன். அவன் இன்னும் குடித்து முடிக்கவில்லை.